உன் அம்மாவின் வலது கண்

மகனே,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. எனக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது என்று அம்மா எழுதியதைப் பார்த்துப் பதறியிருக்கிறாய். பதினைந்து நாள் லீவு போட்டு வருகிறேன், திருநெல்வேலி வரை பஸ், அங்கிருந்து ரயில், சென்னையில் பெரிய டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். கடிதத்தை அம்மாதான் எனக்கு வாசித்தாள். நீ எழுதுகிற பொடி எழுத்து எனக்கு இப்போது தாளில் மை சிந்தின மாதிரிதான் தெரிகிறது. நடுவில் ஒரு வரி எழுதியிருந்தாய்: "அம்மாவைப் போல நீங்களும் கத்திக்குப் பயந்து கண்ட ஆளிடம் கண்ணைக் கொடுத்துவிடாதீர்கள்." அந்த வரியை அவள் விட்டுவிட்டு வாசிப்பாள் என்று நினைத்தேன். விடவில்லை. மற்றதையெல்லாம் வாசித்த அதே குரலில் அதையும் வாசித்தாள். கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்தாள். அரிசி களைய எழுந்து போய்விட்டாள்.

அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்ச காலமாக நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுவது வழக்கம். இதை அவளிடம் கொடுக்கவில்லை. கொடுத்தால் நான் சொல்வதை அப்படியே எழுதமாட்டாள், என்னைக் காப்பாற்றி எழுதிவிடுவாள். அதனால் நான்கு நாளாகக் காலை வெயில் நன்றாக ஏறின பிறகு முற்றத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, நானே எழுதுகிறேன். எழுத்து பெரிதாகவும் வரி கோணலாகவும் இருக்கும். பொறுத்துக்கொண்டு கடைசிவரை வாசி.

உன் அம்மாவின் வலது கண் போனதற்கு அவள் காரணமில்லை. நான்தான் காரணம். அவள் கத்திக்குப் பயந்தாள் என்று நான் உனக்கு எழுதியது பொய்.

நடந்ததைச் சொல்கிறேன். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகச் சேர்ந்ததற்கு மறு வருஷம், மாசியில் கும்பப்பூ அறுவடை நேரம். நான் தாலுகாக் கச்சேரி வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு இருந்தேன். அம்மா குழம்பை இலைக்கு வெளியே ஊற்றினாள். ஒரு நாள் இல்லை, பல நாள். அரிசியில் கல் பார்க்கும்போது கண்ணால் பார்க்காமல் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டால், "ஒண்ணுமில்ல, வெளிச்சம் காணாது" என்பாள். வலது கண்ணின் கருவிழிக்கு நடுவே மோர்த்துளி விழுந்தது போல வெள்ளை படர்ந்திருப்பதை ஒரு நாள் நானே பார்த்துவிட்டேன்.

வடசேரி பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் அருளப்பன் என்று ஒரு கண் டாக்டர் புதிதாக வந்திருந்தார். சென்னையில் படித்தவர். நம்மூர் போஸ்ட் மாஸ்டரின் மாமியாருக்கு அவர்தான் புரை எடுத்துவிட்டிருந்தார். நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். அவருடைய தகப்பனார் இரணியல் பக்கம் பனையேறிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர் என்பது எனக்கு முன்பே தெரியும். அந்த மருத்துவமனையில் எல்லா ஜாதியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அந்த பெஞ்சில் உன் அம்மாவை உட்காரவைக்க எனக்கு மனசு வரவில்லை. வீட்டுக்கு வந்து பார்க்க முடியுமா என்று கேட்டேன். "ஞாயிற்றுக்கிழமை வாறேன்" என்றார். சொன்னபடி சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார்.

நான் அவரை வீட்டுக்குள் கூப்பிடவில்லை. வைக்கோல் படப்புப் பக்கம், பூவரசு மரத்தடியில் ஒரு பெஞ்சைப் போட்டு, அம்மாவை அங்கே வரச்சொன்னேன். அவர் தண்ணீர் கேட்டு, சோப்புப் போட்டு முழங்கை வரை கை கழுவினார். இமையைத் தூக்கிப் பார்த்தார். ஒரு சின்ன விளக்கை மேலே, கீழே, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் காட்டி, "வெளிச்சம் எங்கேருந்து வருது, சொல்லுங்கம்மா" என்று கேட்டார். நாலு பக்கமும் அவள் சரியாகச் சொன்னாள். மூக்கோரத்தை அழுத்திச் சீழ் வருகிறதா என்று பார்த்தார்.

"வலது கண்ணு பழுத்தாச்சு. உள்ளே நரம்பு நல்லா இருக்கு. ரெண்டு மாசத்துக்குள்ள கொண்டு வாங்க, எடுத்துரலாம். அதுக்கு முன்னாடி அந்தக் கடவாய்ச் சொத்தைப் பல்லைப் பிடுங்கிரணும். இருமல் இருக்கப்பிடாது" என்றார். என்னைப் பார்த்து, "ஊசிக்காரங்க வருவாங்க. கத்தி வேண்டாம், குத்தித் தள்ளிருவோம்னு சொல்லுவாங்க. கொடுத்திராதீங்க" என்றும் சொன்னார்.

குடிக்கத் தண்ணீர் கேட்டார். வீட்டில் பத்து வெண்கலச் செம்பு இருந்தது. நான் தொழுவத்தில் கிடந்த ஒரு கண்ணாடி கிளாஸில் கொடுத்தேன். குடித்துவிட்டு நன்றி சொல்லி சைக்கிளில் ஏறினார். அவர் படலைக் கடக்கும் முன்னே நான் அந்த கிளாஸைப் படப்புக்குப் பின்னால் வீசினேன். கல்லில் பட்டு உடைந்தது. சைக்கிள் ஒரு கணம் நின்று, பிறகு போனது. அம்மாவிடம், "குளிச்சிட்டு உள்ளே வா" என்றேன்.

அவள் கேட்டாள்: "அவரு சோப்புப் போட்டுக் கழுவிட்டுல்லா தொட்டாரு. எனக்கு என்னத்துக்குக் குளி?"

"சொன்னதைச் செய்."

குளித்துவிட்டு வந்தாள்.

அந்த வருஷந்தான் நான் ஊர் ஊராக மேடையேறிக்கொண்டிருந்தேன். நம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேரவேண்டும், தமிழ் பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று பேசினேன். கை தட்டினார்கள். அதே வாயால்தான் வீட்டில் அந்த மனிதரின் பெயரைக்கூடச் சொல்லாமல் 'பனையேறி மகன்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பல்லைப் பிடுங்கினோம். இருமலும் நின்றது. அம்மா புடவையெல்லாம் மடித்து வைத்துத் தயாராகிவிட்டாள். "என்னைக்குப் போறோம்?" என்று இரண்டு தடவை கேட்டாள். நான் அறுவடை முடியட்டும் என்றேன், போரடி முடியட்டும் என்றேன். உண்மையில் எனக்கு அந்தக் கை என் மனைவியின் கண்ணுக்குள் போவது பிடிக்கவில்லை.

அப்போது என் சித்தப்பா மகன் வந்து, பூதப்பாண்டியில் அவர்கள் வீட்டில் ஒரு கண் வைத்தியர் வந்து தங்கியிருக்கிறார், நம்ம ஆளு, நெற்றி நிறையத் திருநீறு, கத்தியே இல்லாமல் ஊசி முனையில் திரையைத் தள்ளிவிடுகிறார் என்றான். நான் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அம்மா வேண்டாம் என்றாள். "டாக்டர் இதைத்தானே செய்யப்பிடாதுன்னாரு? எனக்குக் கத்திக்குப் பயமில்ல. இதுக்குத்தான் பயமா கெடக்கு" என்றாள். அவள் சொன்ன வார்த்தை இதுதான், மகனே. நான் உனக்கு எழுதியதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்.

அவளைக் கிழக்கே பார்க்க உட்காரவைத்து, ஒரு பெண் தலையைப் பிடித்துக்கொள்ள, அவன் ஊசியைச் செருகினான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு என் கையைப் பிடித்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் "விரலை எண்ணு" என்றான். "மூணு" என்றாள். எல்லாரும் ஆர்ப்பரித்தார்கள். அவள் என் பக்கம் திரும்பி, "உங்க தலை இம்புட்டு நரைச்சுப் போச்சா?" என்று கேட்டாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. திரும்பி வந்த வழியெல்லாம், டீக்கடையில், கோயில் வாசலில், "டாக்டராம் டாக்டரு! நம்ம ஆளு ஊசி முனையில முடிச்சுட்டாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மறுநாள் அந்த வைத்தியன் ஊரைவிட்டுப் போய்விட்டான். எங்கே போனான் என்று என் சித்தப்பா மகனுக்கும் தெரியாது.

நாலாம் நாள் வலி தொடங்கிற்று. கண் சிவந்து, இமை வீங்கி மூடிக்கொண்டது. நந்தியாவட்டைப் பூ வைத்தோம், முலைப்பால் வாங்கிக் கண்ணில் விட்டோம். வலி தாங்காமல் அவள் தூணில் நெற்றியை வைத்து முட்டிக்கொண்டாள். "அருளப்பன் டாக்டரைக் கூப்பிடுங்க" என்றாள். "ரெண்டு நாள் பாப்போம்" என்றேன். ஊர் முழுக்கப் பெருமை பேசின வாய். கிளாஸ் உடைந்த சத்தம் கேட்ட மனிதரிடம் போய் எப்படி நிற்பது? அந்த இரண்டு நாள் ஆறு நாளாயிற்று. கடைசியில், நம்மை யாருக்கும் தெரியாத திருவனந்தபுரத்துக்கே கொண்டுபோவது என்று கிளம்பினேன்.

வடசேரியில் இறங்கித்தான் திருவனந்தபுரம் பஸ் பிடிக்கவேண்டும். கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு அவள் என் தோளைப் பிடித்து நின்றாள்.

"இது வடசேரில்லா?"

"ஆமா."

"டாக்டரு ஆசுபத்திரி இங்கதானே?"

"திருவனந்தபுரத்துல இன்னும் நல்லாப் பாப்பாங்க."

அந்த மருத்துவமனைப் படியிலிருந்து நாற்பது அடி தூரத்தில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். தக்கலை, மார்த்தாண்டம், நெய்யாற்றின்கரை என்று பஸ் குலுங்கின ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் தொண்டைக்குள் ஒரு சத்தம் வந்தது. அங்கே டாக்டர் பார்த்துவிட்டு, உள்ளே சீழ் பிடித்துவிட்டது, பார்வை போய்விட்டது, இனி வலியை நிறுத்த மட்டுந்தான் முடியும் என்றார். அவள் என்னைப் பார்த்துக் கேட்ட ஒரே கேள்வி, "வீட்டுக்குப் போவலாமா?" என்பதுதான்.

அந்த வாரமே உனக்குக் கடிதம் எழுதினேன். டாக்டரை வீட்டுக்கே வரவழைத்தும் உன் அம்மா கத்திக்குப் பயந்து, நான் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் ஊசி வைத்தியனிடம் போய்க் கண்ணைக் கெடுத்துக்கொண்டாள் என்று எழுதினேன். நீ அடுத்த பொங்கலுக்கு வந்தாய். சாப்பாட்டு நேரத்தில் அம்மாவிடம் கேட்டாய்: "டாக்டர் வீடு தேடி வந்து சொன்ன பொறவும் ஊசிக்காரன்கிட்டப் போவியா? படிப்பில்லாத புத்தி இப்பிடித்தான் போவும்." உனக்கு வருத்தம், அதனால் கோபம். உன்மேல் எனக்குக் குறையில்லை. அம்மா அகப்பையோடு நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் இலையைப் பார்த்தேன். ரசம் விட்டாள், பிசைந்து சாப்பிட்டேன்.

மூன்று வருஷம் கழித்து இடது கண்ணும் பழுத்தது. பகல் வெளிச்சத்திலேயே சுவரைத் தொட்டுத்தான் நடந்தாள். ஒரு நாள் காலையில் புதுச் சேலை உடுத்தி வாசலில் வந்து நின்றாள். "நான் வடசேரிக்குப் போறேன். வாறதுன்னா வாங்க" என்றாள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் அவள் என்னிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. பின்னாலேயே போனேன். அதே பெஞ்சில் எல்லாரோடும் உட்கார்ந்தோம். எனக்குப் பக்கத்தில் குளச்சல் கடற்கரையிலிருந்து வந்த ஒரு அம்மா, உன் அம்மாவிடம் முதல் கண்ணைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருந்தாள்.

டாக்டர் வலது கண்ணைப் பார்த்ததும் கை நின்றது. "இது என்னாச்சு?" என்று கேட்டார். அவர் கேட்டது என்னை. உன் அம்மா சொன்னாள்: "எனக்குக் கத்தின்னா பயம், டாக்டரே. இவங்க வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னாங்க. நாந்தான் கேக்கல்ல."

நான் உனக்குச் சொன்ன பொய்யை, எனக்காக, ஒரு வார்த்தை மாறாமல் அவள் அங்கே சொன்னாள். டாக்டர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "செரி" என்று மட்டும் சொல்லிவிட்டு இடது கண்ணைப் பார்க்கத் தொடங்கினார். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

அவர் உடனே வெட்டிவிடவில்லை. சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார். லேசாகச் சளி இருக்கிறது என்று இரண்டு வாரம் திருப்பி அனுப்பினார். மல்லாந்து படுத்து, தலையை அசைக்காமல் தூங்கிப் பழகிக்கொண்டு வரச்சொன்னார். வெட்டுகிற நாளில் இமை மயிரைக் கத்தரித்து, மரத்துப்போக மருந்து விட்டார்கள். முடிந்ததும் இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்துவிட்டார்கள். நாலு நாள் அசையக்கூடாது, இருமக்கூடாது, சிரிக்கக்கூடாது. தும்மல் வந்தால் மேலுதட்டை அழுத்திப் பிடிக்கவேண்டும். கஞ்சித் தண்ணீரைக் கரண்டியால் நான்தான் ஊற்றினேன். அந்த நாலு நாளும் அவளால் என் முகத்தைப் பார்க்கமுடியாது. மன்னிப்புக் கேட்க அதைவிட லேசான நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. கேட்கவில்லை. கட்டு அவிழ்த்து, ஒன்றரை மாசத்துக்குப் பிறகு அந்தத் தடித்த மூக்குக்கண்ணாடியைப் போட்டபோது அவள் சுவரிலிருந்த காலண்டர் எழுத்தை வாசித்தாள். இன்றைக்கு உன் கடிதத்தை வாசிக்கிறதும் அந்தக் கண்தான்.

இப்போது என் முறை. போன திங்கள்கிழமை நான் மட்டும் வடசேரிக்குப் போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, வலது கண் பழுத்துவிட்டது, எடுக்கலாம் என்றார். "ஒரு காரியம் சொல்லணும்" என்றேன். கிளாஸிலிருந்து பஸ் நிறுத்தம் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஊசி ஏறின கண்ணு எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? பயந்த மனுஷி தானா வந்து வெட்டச் சொல்லமாட்டாங்கன்னும் தெரியும். கிளாஸ் உடைஞ்சதும் கேட்டுது. அதுக்குக் கோவமில்லன்னு சொன்னா பொய் சொல்லுறேன்னு ஆயிரும்" என்றார். துண்டை மடித்து வைத்தார். "வலிச்ச அன்னைக்கே கொண்டு வந்திருந்தா ஒருவேளை தப்பியிருக்கும். வந்திருந்தா நான் பாத்திருக்கமாட்டேன்னா நினைச்சிய?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "மூக்குப்பொடி போடுவியளா? இன்னையோட நிறுத்துங்க. வெட்டின கண்ணோட தும்மினா நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நான் அதை எதிர்பார்த்துத்தான் போனேன் என்பது வெளியே வந்தபிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஆகையால் நான் சென்னைக்கு வரவில்லை. அங்குள்ள டாக்டர்களைக் குறை சொல்லவில்லை. வெட்டின கண்ணோடு ரயிலிலும் பஸ்ஸிலும் குலுங்கி வரவேண்டாம், பிறகு வலித்தால் நாற்பது நிமிஷத்தில் போய்ச் சேருகிற இடத்தில் டாக்டர் இருக்கவேண்டும் என்பது ஒன்று. இந்த டாக்டரின் கையை வேண்டாமென்று ஒரு தடவை சொன்னதே போதும் என்பது மற்றொன்று. உனக்கும் ஒரு காலத்தில் இது வரும், உன் மாமனாருக்கு இப்போதே வந்திருக்கலாம். டாக்டரின் நெற்றியைப் பார்க்காதே, பெயருக்குப் பின்னால் எத்தனை எழுத்து என்றும் எண்ணாதே. இன்றைக்கே வெட்டுகிறேன் என்பவரைவிட, பல்லைப் பிடுங்கிவிட்டு வா, சளி போகட்டும் என்று திருப்பி அனுப்புகிறவரை நம்பு. வெட்டின பத்தாம் நாள் அவர் எங்கே இருப்பார் என்று கேள். எல்லாவற்றுக்கும் மேலே, யார் கண்ணோ அவர்களைக் கேள். அவர்கள் வேண்டாமென்றால் வேண்டாம்.

நேற்று இதில் எழுதியிருப்பதை அம்மாவிடம் சொன்னேன். தபாலில் போட்டுவிட்டால் பிறகு திருப்பி வாங்க முடியாது, உனக்குச் சம்மதமா என்று கேட்டேன். முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. அழுவாள், இல்லை, 'எதுக்கு இதெல்லாம் இப்போ' என்பாள் என்று நினைத்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"கண்ணு போன சங்கடம் எனக்கு ஆறிப்போச்சு. அவன் என்னை ஏசினப்போ நீங்க பேசாம சோறு தின்னுட்டு இருந்தியளே, அது இன்னும் ஆறல்ல. எழுதிப் போடுங்க."

வருகிற புதன்கிழமை எனக்குக் கண் எடுக்கிறார்கள். லீவு கிடைத்தால் வா. நான் நாலு நாள் மல்லாந்துதான் கிடப்பேன், எங்கும் போய்விடமாட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே மருத்துவமனைக்கு ஓடிவராதே. முதலில் வீட்டுக்குப் போ. அம்மா சமையற்கட்டில் இருப்பாள்.

உன் அப்பா